பத்தலகொடையில் ஒரு நெற்பூ

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் வேளாண்மை செய்யும் எவருக்கும் 94-1, 300, 352 என்னும் நெல்லின எண்கள் நன்கு பழகியவை. அவற்றின் முன் நிற்கும் ‘பிஜி’ என்ற எழுத்துகள் குறிப்பது பத்தலகொடையை. அந்த நெல் ஆராய்ச்சி நிறுவகத்தைக் காண, மட்டக்களப்பிலிருந்து கமக்காரர் அமைப்பினருடன் புறப்பட்டு, பொலனறுவை, ஹபரணை, தம்புள்ளை வழியாகக் குருநாகல் மாவட்டத்து இப்பாகமுவைப் பக்கம் சென்றேன்.

1952 இல் தொடங்கப்பட்ட இந்நிலையத்தில், முருங்கக்காயன் என்னும் நம் நாட்டுப் பழைய நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் என்னும் நெல்லையும் கலந்து உருவாக்கிய எச்-4 என்னும் நெல்லினம், 1958 இல் கமக்காரரிடம் வந்து சேர்ந்தது. உலகம் கொண்டாடிய ஐஆர்-8 என்னும் நெல்லினம் வெளிவந்தது 1966 இல்தான் என்பதை எண்ணும்போது, நம் நாட்டு ஆய்வாளர்கள் மீது எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது.

என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது கலப்புச் செய்யும் வேலைதான். நெல் தன் மகரந்தத்தாலேயே கருவுறும் பயிர் என்பதால், பூ விரியுமுன் உமியின் நுனியைக் கத்தரித்து, உள்ளிருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் ஒன்றுவிடாமல் அகற்றி, கதிரைக் கடதாசி உறையால் மூடி, பின்னர் மற்ற இனத்தின் மகரந்தத்தை அதன்மேல் தூவுகிறார்கள். இப்படிக் கிடைக்கும் சில மணிகளைத் தலைமுறை தலைமுறையாக விதைத்து, எரிபந்தம் என்னும் நோய்க்கும் கபிலநிறத் தத்தி என்னும் பூச்சிக்கும் தாக்குப்பிடிப்பவற்றைத் தெரிந்தெடுத்து, ஓர் இனம் வெளிவரப் பத்தாண்டளவு ஆகிவிடுகிறது. விதை நெல்லின் விலையைப் பற்றிக் குறைப்படும் நாம் இந்தப் பொறுமையையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எங்களுடன் வந்த, வயல்களின் நீர்ப்பங்கீட்டைக் கவனிக்கும் வட்டவிதானையார், அங்கிருந்த இளம் அலுவலரிடம், “மகள், இஞ்ச நல்லா விளையிறது எங்கட வட்டையில, பெரும்போக வெள்ளத்துக்கும் நிண்டு பிடிக்குமா?” என்று கேட்டார். மண்ணும் மழையும் இடத்துக்கு இடம் மாறுவதால், புதிய இனங்களைப் பல மாவட்டங்களில் கமக்காரரின் வயலிலேயே விதைத்துப் பார்த்த பின்புதான் சிபாரிசு செய்கிறோம் என்றார் அந்த அலுவலர். சம்மாந்துறையிலும் நெல் ஆராய்ச்சி நிலையம் இருப்பதை நினைவூட்டினார். அம்பாறை, மட்டக்களப்பு வயல்களில் இத்தகைய பரிசோதனைகள் இன்னும் கூடுதலாக நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். வட்டவிதானையாரோ, தம் வயலில் மேட்டில் வரவை எனப்படும் வயல் துண்டு ஒன்றையும் பள்ளத்தில் இன்னொன்றையும் அதற்கெனத் தருவதாக அங்கேயே சொல்லிவிட்டார்.