குதிரைமேல் சண்டை, வண்டிமேல் சண்டை: டி அண்ட் டி விதிகளை ஆடிப் பார்த்தது

எங்கள் குழுவின் பாலடின் (சத்தியம் செய்த வீரர் பாத்திரம்) 400 பொன் கொடுத்துப் போர்க்குதிரை வாங்கிவிட்டதால், டி அண்ட் டி (டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ், பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு) ஐந்தாம் பதிப்பின் சவாரிச் சண்டை விதிகளைத் தள்ளிப்போட முடியவில்லை. 2014 விதிநூலில் அந்தப் பகுதி சின்னதுதான். ஏறவோ இறங்கவோ நம் வேகத்தில் பாதி போகும். குதிரையை யாராவது தள்ளிவிட்டால் டெக்ஸ்டரிட்டி சேவ் (சுறுசுறுப்பால் தப்ப இருபது முகப் பகடை உருட்டுவது) போட வேண்டும். 10 வராவிட்டால் தரையில் விழுவோம். இதுவரை சரி.

குதிரை யார் சொல் கேட்கிறது என்பதில்தான் தலைவலி. நம் கட்டுப்பாட்டில் இருந்தால் நம் இனிஷியேட்டிவிலேயே (சண்டையில் நம் முறை வரும் வரிசையில்) நகரும், ஆனால் டேஷ் (கூடுதல் ஓட்டம்), டிஸ்எங்கேஜ் (அடிபடாமல் விலகல்), டாட்ஜ் (அடி தவிர்த்தல்) தவிர வேறெதுவும் செய்யாது. ஓடிவந்து மிதித்து ஆளைச் சாய்க்கும் என்றுதானே அவ்வளவு பொன் கொட்டினோம்? கடிவாளத்தைப் பிடித்ததும் அந்த மிதி போச்சு. அதன் போக்கில் விட்டால் மிதிக்கும், ஆனால் அதற்கென்று வரிசையில் தனி முறை வரும். அப்படியும் ஆடிப் பார்த்தோம். குதிரை எதிரியைத் தாண்டி எங்கோ போய் நிற்க, பாலடின் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார்.

கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொண்டு பாலடின் கையில் லான்ஸை (நீண்ட ஈட்டியை) கொடுத்த பிறகுதான் சூடு பிடித்தது. லான்ஸ் 10 அடி எட்டும், குதிரைமேல் இருந்தால் ஒரு கை போதும். குதிரை ஒரு முறையில் 60 அடி போகும். 30 அடி போய்க் குத்திவிட்டு 30 அடி திரும்பிவிட்டால், வாள் மட்டும் வைத்திருக்கும் ஹாப்காப்ளின் (பூத வகை எதிரி) பின்னாலேயே நடந்து வந்தாலும் வெட்ட எட்டாது. நகர்வின் நடுவே குத்தலாமா என்று விதி தெளிவாகச் சொல்வதில்லை, நாங்கள் அனுமதித்தோம். ஆட்டப் பலகையில் குதிரை பிடிக்கும் நான்கு கட்டங்களில் ஆள் எதில் இருக்கிறார் என்றும் சொல்வதில்லை. நான்கிலும் இருப்பதாக வைத்துக்கொண்டோம்.

அடுத்த சண்டையில் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) எதிரிகளுக்கு வில் கொடுத்தார். குதிரைக்கு ஏசி (அடி பட உருட்டலில் எட்ட வேண்டிய எண்) 11, ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) 19. பாவம், குதிரை இரண்டு சுற்றுகூடத் தாங்கவில்லை. குதிரையைக் குறிவைக்கும் அடியைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வழிதரும் மவுன்டட் கம்பாட்டன்ட் என்ற ஃபீட் (பாத்திரம் எடுத்துக்கொள்ளும் தனித் திறன்) இல்லாமல் சவாரிச் சண்டைக்குப் போவது என்னைப் பொறுத்தவரை வீண் செலவு.

அப்புறம் வண்டி. தேர் 250 பொன், பார வண்டி 35 பொன் என்று விலை போட்டிருக்கிறார்களே தவிர, அதன்மேல் நின்று சண்டையிட விதி தரவில்லை. பொருள்களை உடைக்கும் அட்டவணையிலிருந்து கடன் வாங்கினேன்: மரத்துக்கு ஏசி 15, உறுதியான பெரிய பொருளுக்கு ஹிட் பாயின்ட் 27. துரத்தலில் வண்டியைக் கட்டம் கட்டமாக நகர்த்துவது அலுப்பு. அதனால் வண்டியை மேசை நடுவில் அசையாமல் வைத்து, மரம், பாலம், எதிரிகளை அதைச் சுற்றி நகர்த்தினோம். ஓடும் பஸ்ஸுக்குள் கண்டக்டர் நடப்பதுபோல, வண்டிக்குள் எல்லோருக்கும் வழக்கமான நகர்வுதான். கீழே விழுந்தவர் ஒவ்வொரு சுற்றிலும் வண்டியின் வேகத்துக்குப் பின்தங்குவார். வண்டியோட்டி தன் ஆக்‌ஷனைச் செலவழித்து அனிமல் ஹேண்ட்லிங் (விலங்கைக் கையாளும் திறன்) உருட்ட வேண்டும், 10க்குக் கீழே வந்தால் வண்டி குலுங்கும், நிற்பவர்களுக்கெல்லாம் சேவ். இது நன்றாகவே ஓடுகிறது.

இனி கப்பல். அதற்கு நூலிலேயே எண்கள் உண்டு: போர்க்கப்பலுக்கு 500 ஹிட் பாயின்ட், ஒரே அடியில் 20க்குக் குறைந்த சேதம் அதன்மேல் ஏறவே ஏறாது. கப்பலை உடைக்க முயல்வதைவிட, பக்கத்தில் ஒட்டிப் போய் மேல்தளத்துக்குத் தாவுவதுதான் எங்கள் திட்டம். குதிரையையும் ஏற்ற வேண்டும் என்று பாலடின் அடம் பிடிக்கிறார்.