தாங்குமா டாக்டர்?

வயதான பூனையைக் கொண்டுவந்து “மயக்க மருந்து தாங்குமா டாக்டர்?” என்று கேட்பவர்களிடம் “தாங்காது, விட்டுவிடுங்கள்” என்று சொல்வது சுலபம். மருத்துவருக்குப் பழி வராது. பூனை மட்டும் அழுகிய பல்லோடு மிச்ச நாட்களைக் கழிக்கும். வலித்தாலும் அது சாப்பிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால் வீட்டாருக்கும் உறுத்தாது. இந்தப் பதில் எனக்குப் பிடிப்பதில்லை.

சென்னையில் எங்கள் கிளினிக்குக்கு வந்த வெள்ளையனுக்கு 13 வயது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வளர்க்கும் நாட்டுப் பூனை. மீன் துண்டைக் கவ்வி, தலையைச் சாய்த்து ஒரு பக்கமாகவே மெல்வான். பாதியில் போட்டுவிட்டுப் போய்விடுவான். உடம்பை நக்கிச் சுத்தம் செய்வதையும் நிறுத்தியிருந்தான். கீழ்த்தாடையில் ஒரு பல் ஈறோரமாக அரித்துப்போய், அந்தக் குழிக்குள் சதை வளர்ந்திருந்தது. பூனைகளுக்குச் சாதாரணமாக வரும் நோய்தான். மனிதர்களின் சொத்தைப் பல் போல அடைத்துக் காப்பாற்ற முடியாது, பிடுங்கத்தான் வேண்டும்.

அதுவரை வலிக்குப் பாராசிட்டமால் பாதி கொடுக்கலாமா என்று ஆசிரியையின் மகன் கேட்டார். நல்லவேளை, கொடுப்பதற்கு முன் கேட்டார். அந்த மருந்தைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குப் போதாது. பாதி மாத்திரையே உயிரைக் குடித்துவிடக்கூடும்.

இரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.4 என்று வந்தது. சிறுநீரக நோயின் இரண்டாம் நிலை. ஸ்டெதஸ்கோப்பில் இதய முணுமுணுப்பும் கேட்டது. பூனை விஷயத்தில் இந்தச் சத்தத்தை நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. சத்தம் உள்ள பல பூனைகளுக்கு இதயம் நன்றாகவே இருக்கும். இதயத் தசை தடித்துப்போன சில பூனைகளிடம் சத்தமே இருக்காது. இதயத்துக்கான ஸ்கேனான எக்கோ எடுத்துவரச் சொன்னேன். “பல்லுக்கு வந்தவனை இதயத்துக்கு அனுப்புகிறீர்களே” என்று ஆசிரியை அம்மாவுக்கு வருத்தம். தசை சற்றுத் தடித்திருந்தது, இதயத்தின் இடது மேலறை பெரிதாகவில்லை என்று முடிவு வந்தது. செய்யலாம், ஆனால் இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும் மயக்க மருந்தான கெட்டமின் கிடையாது என்று தீர்மானித்தோம்.

உண்மையான சங்கடம் ட்ரிப்ஸில்தான். சிறுநீரகம் நீரைக் கேட்கும். இதயம் நீருக்கு அஞ்சும். கிலோவுக்கு மணிக்கு 3 மில்லி என்று வைத்தால், அவனுடைய நான்கு கிலோவுக்கு 12 மில்லிதான். நாய்களுக்கு விட்டுப் பழகிய வேகத்தில் விட்டால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். ட்ரிப்ஸை அளந்து விடும் பம்பு இல்லாமல் இந்த வேலையில் இறங்க மாட்டேன் என்று முன்பே சொல்லியிருந்தேன்.

முந்தைய இரவு முழுவதும் பட்டினி போட வேண்டாம், தண்ணீரை எடுக்கவே வேண்டாம் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னேன். பயத்தைத் தணிக்கும் கபாபென்டினை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே கொடுக்கச் சொன்னேன். அது சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால் அளவைக் குறைத்துக்கொண்டோம். அலறித் துடித்து வரும் பூனைக்கு மயக்க மருந்தும் கூடுதலாகத் தேவைப்படும்.

வாயைத் திறந்து நிறுத்தும் ஸ்பிரிங் கருவியை என் தட்டில் வைக்க விடுவதில்லை. பூனையின் வாயை அகலமாக விரித்தே வைத்திருந்தால் மூளைக்கும் கண்ணுக்கும் போகும் இரத்தம் தடைபட்டு, விழிக்கும்போது பார்வை இல்லாமல் போகலாம். ஊசி மூடியைக் குட்டையாக வெட்டிப் பற்களுக்கு இடையே வைத்தால் போதும். தாடை நரம்பை மரத்துப்போகச் செய்தபின், மூச்சு வழியாகக் கொடுக்கும் மயக்க மருந்தான ஐசோஃபுளூரேனைக் குறைக்க முடிந்தது; இரத்த அழுத்தமும் சரியாமல் நிலையாக இருந்தது. எக்ஸ்ரேயில் தெரிந்த இன்னொரு பல்லையும் சேர்த்து எடுத்தோம்.

முடிந்ததும் மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். எல்லோருடைய பயமும் ஊசி போடும் நேரத்தைச் சுற்றியே இருக்கிறது. பிரிட்டனில் 2008-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், மயக்கத்தோடு தொடர்புடைய பூனை இறப்புகளில் 60 சதவீதத்துக்கும் மேல் மயக்கம் முடிந்த பிறகே நடந்திருந்தன. அவற்றிலும் பெரும்பாலானவை முதல் மூன்று மணி நேரத்துக்குள். “சார், இனிமேல்தான் நாங்கள் பார்க்க வேண்டிய நேரம்” என்றேன். முகம் சுளித்தார், காத்திருந்தார். தண்ணீர் தெறித்து நனைந்த உடம்பைத் துடைத்துச் சூடேற்றி, வெப்பநிலை 38 டிகிரியைத் தாண்டி, அவன் தானாக எழுந்து உட்கார்ந்த பிறகே அனுப்பினோம்.

மறுபரிசோதனையில் கிரியேட்டினின் ஏறவில்லை. இப்போது இரண்டு பக்கமும் மெல்கிறான். சிறுநீரகத்துக்கான உணவை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்துவிடுகிறான். பழைய உணவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.