கால் இன்ச் இம்பாக்ட் டிரைவரை அரை இன்ச் ஆக்கிய கதை

மச்சானின் குட்டி யானை கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏற்றுகிறது. ஐஸ் உருகி வடியும் உப்புத் தண்ணீர் நேராகப் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் மேல்தான் விழும். பட்டை மாற்றலாம் என்று கீழே படுத்துப் பார்த்தால், பட்டைகளை அச்சோடு பிடித்திருக்கும் யு போல்ட் நட்டுகள் துருப்பிடித்து போல்ட்டோடு ஒன்றாகிவிட்டிருந்தன.

என்னிடம் இருந்தது 18 வோல்ட் இம்பாக்ட் டிரைவர், அதாவது அடித்து அடித்துத் திருகும் பேட்டரி மெஷின், கால் இன்ச் அறுகோண பிட் மாட்டுவது. அரை இன்ச் சதுர முனையில் மாட்டும் சாக்கெட்டுக்கு ஒரு அடாப்டர் போட்டு அடித்தேன். நட்டு அசையவில்லை. இரண்டாவது நட்டில் அடாப்டர் கழுத்தோடு முறிந்தது. முறிந்த துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி, கழுத்தில் மெல்லிய முறுக்கு ஓடியிருந்தது. அடி நட்டுக்குப் போகாமல் எங்கே போனது என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

இந்த மெஷினுக்குள் ஒரு சம்மட்டி சுற்றுகிறது. அதன் அடியை வாங்குகிற பாகத்துக்கு அன்வில் என்று பெயர், கொல்லர் பட்டறை அடைகல் மாதிரி. பளு ஏறியதும் சம்மட்டி ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு பின்னால் போகும், அன்வில்லின் காதுகளைத் தாண்டியதும் ஸ்பிரிங் அதை முன்னே தள்ளும், சுற்றிவந்து காதில் மோதும். நிமிடத்துக்கு 3,000 தடவைக்கு மேல் இப்படி நடக்கிறது. ஒவ்வொரு அடியும் கண நேரம்தான். நடுவில் 6.35 மில்லி கழுத்து இருந்தால் அது ஸ்பிரிங் போல வளைந்துகொடுத்து அடியைத் தின்றுவிடும். ஒரு தண்டின் விட்டத்தை இரண்டு மடங்காக்கினால் முறுக்குக்கு அது காட்டும் விறைப்பு 16 மடங்காகும். அதனால் இன்னும் விலை கூடிய அடாப்டர் வாங்குவதில் அர்த்தமில்லை, அன்வில்லையே மாற்ற வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதலில் முதுநகரில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் போனேன். பழைய அன்வில் முனையில் அரை இன்ச் சதுரத்தை வெல்டு வைக்க முடியுமா என்று கேட்டேன். "இது ஹார்டனிங் பண்ண இரும்பு தம்பி. வெல்டு வெச்சா சூட்டுல ஒண்ணு இளகிடும், இல்லன்னா பக்கத்துல விரிசல் விடும். சுத்துற வேகத்துல தெறிச்சா மூஞ்சிலதான் அடிக்கும். பார்ட்டா கெடைக்குதா பாருப்பா" என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

அதே கம்பெனி, அதே பேட்டரியில் ஓடும் நட்டு கழற்றுவதற்கான அரை இன்ச் இம்பாக்ட் ரெஞ்சும் விற்கிறது. இரண்டு மாடலின் பாகங்களையும் பிரித்து வரைந்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சம்மட்டி, ஸ்பிரிங், சம்மட்டியைச் சுற்றும் தண்டான ஸ்பிண்டில், கியர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே பார்ட் நம்பர். அன்வில் நம்பர் மட்டும் வேறு. புதுச்சேரியில் டூல் சர்வீஸ் செய்யும் ஒரு கடையில் அன்வில்லை மட்டும் சொல்லி வைத்தேன். ஒன்பது நாளில் வந்தது.

வந்ததைப் பொருத்தப் போனால் போகவில்லை. அன்வில்லை மெஷினின் அலுமினிய மூக்குக்குள்ளிருந்து வெளிப்பக்கமாகத்தான் நுழைக்க வேண்டும், ஏனென்றால் காதுகள் உள்ளே இருக்கின்றன. மூக்கில் அன்வில்லைத் தாங்கும் வளையமான புஷ்ஷின் உள்விட்டம் வெர்னியர் அளவுகோலில் 15 மில்லி காட்டியது. அரை இன்ச் சதுரம் பக்கத்துக்குப் பக்கம் 12.7 தான். ஆனால் மூலைக்கு மூலை கணக்குப்படி கிட்டத்தட்ட 18. மூலைகளை மழுக்கியிருந்ததால் என் கையிலிருந்தது 16.6. எப்படித் திருப்பினாலும் 15 மில்லி துளைக்குள் அது நுழையாது. படத்தில் மூக்குப் பாகத்தின் நம்பரையும் ஒப்பிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இதைச் செய்யப் போகிறவர்கள் முதலில் அளக்க வேண்டியது புஷ்ஷைத்தான். எட்டில் மூன்று (3/8) இன்ச் சதுரம் போதும் என்றால், மழுக்கிய மூலைக்கு மூலை 13 மில்லிக்கு உள்ளேதான், பழைய மூக்கிலேயே வெளியே வந்துவிடும். எனக்கு யு போல்ட் என்பதால் அரை இன்ச்தான் வேண்டியிருந்தது. மறுபடி புதுச்சேரிக்கு பஸ் ஏறி, புஷ்ஷோடு சேர்ந்த மூக்கையும் வாங்கி வந்தேன்.

பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு நான்கு திருகுகளை எடுத்தால் மூக்கு முழுதாகக் கையோடு வந்துவிடும். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சம்மட்டியின் தேய்மானத்தைப் பார்க்கும் ஆசையில் அதையும் அழுத்தி இழுத்தேன். ஸ்பிண்டில் பள்ளத்திலிருந்த இரண்டு இரும்புக் குண்டுகளும், மிளகைவிடக் கொஞ்சம் பெரியவை, தரையில் விழுந்து ஓடின. ஒன்று காலடியிலேயே கிடந்தது. இன்னொன்றை மகள் ஸ்பீக்கர் காந்தத்தைத் தரையோடு தேய்த்துத் தேய்த்து அம்மிக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். திரும்பப் போடும்போது நான் சம்மட்டியை ஸ்பிரிங்கோடு அழுத்திப் பிடிக்க, அவள் குண்டுகளைக் கிரீஸ் தடவி பள்ளத்தில் ஒட்டவைத்தாள். அந்த ஒரு வேலைக்கே முக்கால் மணி நேரம் ஆனது.

பார்த்ததில் ஒரு லாபம் உண்டு. பழைய அன்வில்லின் காதுகளில் சம்மட்டி மோதும் முகம் கண்ணாடி போலப் பளபளத்தது, சிராய்ப்போ விரிசலோ இல்லை. சம்மட்டியின் பற்களும் அப்படியே. புது அன்வில்லை வைத்துக் கையால் சுற்றிப் பார்த்தேன், இரண்டு காதும் ஒரே நேரத்தில் தொட்டன. ஒரு காது மட்டும் தொட்டால் அடி முழுக்க அதன் மேல் விழுந்து சீக்கிரம் உடைந்துவிடும் என்பதால் இதில் எனக்குக் கொஞ்சம் பயம் இருந்தது. மாலிப்டினம் கிரீஸை மெல்லிசாகத் தடவி, மூக்குக்குள் இருக்கும் நைலான் வாஷரை மறக்காமல் போட்டு மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சான் வண்டியை வீட்டுக்கே கொண்டுவந்தார். இம்பாக்ட் சாக்கெட்டை, அதாவது அடியைத் தாங்கும்படி செய்த கறுப்பு சாக்கெட்டை, இடையில் எதுவும் இல்லாமல் நேராக மாட்டினேன். சத்தமே மாறியிருந்தது. முன்பு கிறீச்சென்று இருந்தது இப்போது கட்டையாக, அழுத்தமாக விழுந்தது. முதல் நட்டு ஐந்தாறு விநாடியில் துருப்பொடியை உதறிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. அடாப்டரை முறித்த நட்டும் வந்துவிட்டது. எட்டில் ஏழு இப்படி முடிந்தன. எட்டாவதுக்கு துரு நீக்கும் எண்ணெய் அடித்து ராத்திரி முழுக்க ஊறவிட்டு, மறுநாள் காலையில் கழற்றினோம். புது யு போல்ட்களை இதால் இறுக்கவில்லை. கையால் ஓட்டி, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில்தான் முடித்தோம்.

மர வேலைக்குத் திருகு போட கால் இன்ச் மறுபடி வேண்டும். பழைய மூக்கையும் அன்வில்லையும் எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். குண்டுகளைத் தொடாமல் மாற்றினால் பத்து நிமிட வேலை.