புட்டாரே தாக்குப்பிடித்த நாட்கள்

ஏப்ரல் 7

ருவாண்டா இனப்படுகொலையின் நினைவு நாள். 1994இல் அந்த ஆப்பிரிக்க நாட்டில், பெரும்பான்மை ஹூட்டு இனத்தின் தீவிரவாதிகள் ஏறக்குறைய 100 நாட்களில் சுமார் எட்டு லட்சம் பேரைக் கொன்றார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் சிறுபான்மைத் துட்சிகள். "அங்கே இனக்குழுச் சண்டை காலங்காலமாக நடப்பதுதானே" என்று இதைக் கடந்துபோகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஹூட்டுவும் துட்சியும் பேசுவது ஒரே கின்யருவாண்டா மொழி. ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த வீடுகள், இடையில் கல்யாண உறவுகளும் உண்டு. அடையாள அட்டையில் இனத்தைக் குறித்தது 1930களில் பெல்ஜியக் காலனி ஆட்சி. விடுதலைக்குப் பிறகு வந்த அரசுகளும் அதை நீக்கவில்லை. 1994இல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டினார்கள்.

ஏப்ரல் 10

முதலில் யாரைக் கொன்றார்கள் என்று பாருங்கள். ஏப்ரல் 6 இரவு ஜனாதிபதி ஹபியாரிமானாவின் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. மறுநாளே பிரதமர் அகத் உவிலிங்கியிமானாவைப் படையினர் தேடிப் பிடித்துக் கொன்றார்கள். அரசியல் சாசன நீதிமன்றத் தலைவர் ஜோசப் கவருகண்டாவுக்கும் அதே கதி. இருவருமே ஹூட்டு! தெருவில் வெறிபிடித்துத் திரியும் கூட்டம் இப்படி ஆள் பார்த்துக் கொல்லாது.

1993 ஆகஸ்டில் கையெழுத்தான அருஷா சமாதான ஒப்பந்தப்படி அமைச்சர் பதவிகளையும் ராணுவத்தையும் துட்சிகள் தலைமையிலான கிளர்ச்சிப் படையான ஆர்.பி.எஃப்.போடு அரசு பங்கிட வேண்டும். இருபது ஆண்டுகளாக எல்லாவற்றையும் கையில் வைத்திருந்த, ஜனாதிபதியைச் சுற்றியிருந்த ஒரு சிறு வட்டத்தால் இதைச் சகிக்க முடியவில்லை. அந்த வட்டத்தின் பணத்தில்தான் 1993இல் ஆர்.டி.எல்.எம். வானொலி தொடங்கியது. துட்சிகளைக் கரப்பான்பூச்சிகள் என்று பாட்டுக்கு நடுவே சொல்லிச் சொல்லிப் பழக்கியது.

ஏப்ரல் 17

இன்று முழுக்க தெற்கே உள்ள புட்டாரே பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். பல்கலைக்கழக நகரம், துட்சிகள் கணிசமாக வாழ்ந்த பகுதி. அதன் ப்ரிஃபெக்ட், நம்மூர்க் கலெக்டர் மாதிரி, ஜான்-பாப்டிஸ்ட் ஹபியாலிமானா. (பெயர் ஒத்திருந்தாலும் ஜனாதிபதிக்கு உறவில்லை.) நாட்டிலிருந்த ஒரே துட்சி ப்ரிஃபெக்ட் அவர்தான். தலைநகர் கிகாலி எரிந்துகொண்டிருந்தபோது இவர் பகுதி பெருமளவு அமைதியாக இருந்தது. மற்ற இடங்களிலிருந்து துட்சிகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இங்கே ஓடிவந்தார்கள். அதே வானொலி இங்கும் கேட்டது, அதே அட்டைதான் இவர்கள் பையிலும் இருந்தது. ஆனாலும் ஏறக்குறைய இரண்டு வாரம் புட்டாரே தாங்கியது. ஏப்ரல் 17 அன்று, ஜனாதிபதி இறந்தபின் அமைந்த இடைக்கால அரசு ஹபியாலிமானாவைப் பதவியிலிருந்து நீக்கியது. பிறகு அவரையும் குடும்பத்தையும் கொன்றுவிட்டார்கள்.

ஏப்ரல் 20

அடுத்து நடந்ததும் மேலிருந்து வந்ததே. ஏப்ரல் 19 அன்று புதிய ப்ரிஃபெக்ட்டைப் பதவியில் அமர்த்தும் கூட்டத்துக்கு இடைக்கால ஜனாதிபதி சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். அவரும் புட்டாரேக்காரர்தான், படித்த டாக்டர். 'நமக்கென்ன' என்று ஒதுங்கி நிற்பவர்களைச் சாடினார். அப்படிப்பட்டவர்கள் விலகி மற்றவர்களுக்கு வழிவிடட்டும் என்றார். அடுத்த நாள் பழைய மன்னரின் விதவை ரோசலி கிகாண்டாவை ராணுவத்தினர் வீட்டிலிருந்து கூட்டிப்போய்ச் சுட்டார்கள். வயதானவர், யாருக்கு என்ன கெடுதல் செய்தார்? அப்புறம் புட்டாரேயிலும் கொலைகள் பரவின.

ஏப்ரல் 22

"அப்படியானால் கத்தி எடுத்த சாதாரண மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா?" என்று ஒரு நண்பர் கேட்டார். இருக்கிறது. 1959, 1963, 1973 வன்முறைகளின் கசப்பும் ஊருக்குள் இருந்தது. ஆனால் அந்தக் கசப்பைக் கொலையாக மாற்ற, கொன்றால் தண்டனை இல்லை, கொல்லாவிட்டால்தான் ஆபத்து என்று அரசே சொல்ல வேண்டியிருந்தது.

டாபாவின் நகராட்சித் தலைவர் ஜான்-பால் அகாயேசுவைப் பாருங்கள். முன்பு ஆசிரியர். முதல் நாட்களில் கொலையாளிகளைத் தன் பகுதிக்குள் விடாமல் தடுத்தவர். ஏப்ரல் 18 அன்று இடைக்காலப் பிரதமர் கம்பண்டா உள்ளூர்த் தலைவர்களைக் கூட்டிப் பேசினார். அங்கிருந்து திரும்பிய அகாயேசு கொலையாளிகளின் பக்கம் போய்விட்டார். 1998 செப்டம்பர் 2 அன்று, ருவாண்டா குற்றங்களை விசாரிக்க ஐ.நா. அமைத்த அருஷா தீர்ப்பாயம் அவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று அறிவித்தது. சர்வதேச நீதிமன்றம் ஒன்று அந்தக் குற்றத்துக்கு வழங்கிய முதல் தீர்ப்பு அது. குற்றத்தை ஒப்புக்கொண்ட கம்பண்டாவுக்கு இரண்டே நாளில் ஆயுள் தண்டனை விதித்தது.