சோலைக்கிளியைத் தேடி மூன்று காலைகள்

நவம்பர் 14, வெள்ளி

கொடைக்கானல் வந்தாச்சு. வட்டக்கானல் போகும் சாலையில் பாம்பார் சோலை என்கிற மலைக்காட்டின் ஓரமாக விடியலில் நடந்தேன். பனி என்றால் அப்படியொரு பனி, பத்தடிக்கு அப்பால் மரமா மனுஷனா தெரியவில்லை. திரும்பி வந்து டீக்கடை அக்காவிடம் சோலைக்கிளி பார்க்க வந்தேன் என்றதும், "கிளியெல்லாம் கீழே பழநிப் பக்கம்தான் தம்பி, இந்தக் குளிருக்கு இங்கே ஏன் வருது?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. மலையாளத்தில் சின்னப் பறவை எதுவும் கிளிதான், இந்தப் பேரில் இருப்பது அந்தக் கிளி. நமக்குக் கிளி என்றால் பச்சையாக, சிவப்பு மூக்கோடு இருக்கணும். இதுவோ சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு, கருநீலம், வயிறு வெள்ளை.

நவம்பர் 15, சனி

5.45க்கே போய்விட்டேன். பழனிச் சிலப்பன் என்கிற பறவைகள் புதருக்குள் கூச்சல், அப்புறம் ஒரு கருப்பு-ஆரஞ்சு ஈப்பிடிப்பான், கைக்கெட்டும் தூரத்தில், பயமே இல்லாமல். தேடி வந்ததுதான் இல்லை. வளைவில் பனிக்குள் பெரிய மூச்சுச் சத்தம் கேட்டு நின்றால் காட்டுமாடு, வந்த வழியே திரும்பினேன், வேகமாகத்தான்.

மத்தியானம் அறையில் உட்கார்ந்து வாசித்தேன். முன்பு இதை நீலகிரியில் இருக்கிறதோடு சேர்த்து ஒரே இனமாக வைத்திருந்தார்கள். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே இருப்பதற்கு விலா செம்பழுப்பு, தெற்கே இதற்கு வெள்ளை வயிறு. மரபணுவைப் பார்த்து 2017இல் இவற்றுக்கென்றே ஷோலிகோலா என்று புதுப் பேரினம் வைத்தார்கள், நம்ம 'சோலை'தான் அதில் இருக்கிறது. கணவாயின் சூடான தாழ்நிலத்தைத் தாண்டிப் போகிற பறவை இல்லையே இது, மலை உச்சிச் சோலையே கதி. சோலையைச் சுற்றி சீகை (வாட்டில்) மரமும் பைனும் நட்டு வைத்திருப்பதைப் பார்த்தால் அந்த 'கதி' எவ்வளவு குறுகிவிட்டது என்று புரிகிறது.

இன்னொன்றும் உறைத்தது. இரண்டு நாளும் அண்ணாந்தே நடந்திருக்கிறேன். அது தரையில் இலைச்சருகுக்குள் தத்தித் தத்தி இரை தேடுகிற பறவை! கிளி கிளி என்று சொல்லிச் சொல்லி என் கண்ணே மேலே போய்விட்டது போல.

நவம்பர் 16, ஞாயிறு

இன்று நடக்கவே இல்லை. சாலையோர மதகுக் கட்டையில் உட்கார்ந்து, கீழே ஓடைக்கரையில் அழுகிக் கிடந்த ஒரு மரத்தடியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் நனைந்து விறைத்துப்போனது, பைனாகுலரைத் துடைக்கத் துடைக்க ஆவி படிந்தது. 6.50 இருக்கும், மெல்லிசாக ஒரு சீழ்க்கை, எங்கிருந்து என்றே பிடிபடாத மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் மரத்தடிக்குப் பக்கத்தில் ஒரு சருகு தானாகப் புரண்டது.

நீளக் கால், குட்டை உடம்பு. நீலம் எல்லாம் தெரியவில்லை, அந்த இருட்டில் கருப்புதான், புருவம் மட்டும் வெளிறிய கோடாக. எதையோ கொத்தி இழுத்துத் திரும்பியபோது வயிறு பளிச்சென்று வெள்ளை. ஒரு பைக் ஹாரன் அடித்துப் போனது, பறவையும் போய்விட்டது.

கேமரா பையிலேயே இருந்தது. பத்து விநாடி இருக்குமா? எட்டரை வரை அதே கட்டையில் உட்கார்ந்திருந்தேன், திரும்ப வரவில்லை.