சாம்பலுக்கு அளவு தேடிய வாரம்

விமான நிறுவனங்களில் டிஸ்பாட்சர் என்றொரு பணி உண்டு. ஒரு விமானம் எந்தப் பாதையில், எந்த உயரத்தில், எவ்வளவு எரிபொருளோடு போக வேண்டும், இறங்க வேண்டிய ஊர் மூடப்பட்டால் அது எங்கே இறங்கலாம் என்பதையெல்லாம் தரையில் இருந்தபடி கணக்கிட்டு, விமானத்தின் தலைமை விமானியோடு பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் வேலை அது. 2010 ஏப்ரலில் நான் வளைகுடா நாடு ஒன்றில், ஐரோப்பிய நகரங்களுக்கு நாள்தோறும் விமானம் அனுப்பிவந்த ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் இந்தப் பணியில் இருந்தேன். ஐஸ்லாந்தின் எய்யாஃபியாட்லாயோகுட்ல் எரிமலை வெடித்து ஐரோப்பிய வான்வெளி மூடப்பட்ட அந்த வாரத்தைப் பற்றி நிறைய எழுதப்பட்டுவிட்டது. பயணிகள் தவித்ததையும் நிறுவனங்கள் இழந்ததையும் பலர் சொல்லிவிட்டார்கள். அறைக்குள் எங்களைக் குடைந்த கேள்வி வேறு: காற்றில் எவ்வளவு சாம்பல் இருந்தால் பறக்கக் கூடாது?

எரிமலை திடீரென்று விழித்துக்கொள்ளவில்லை. மார்ச் 20 அன்றே அதன் கிழக்குச் சரிவில் பிளவு திறந்து நெருப்புக் குழம்பு வழியத் தொடங்கியிருந்தது. சுற்றுலாப் பயணிகள் நடந்துபோய் வேடிக்கை பார்த்தார்கள், எங்கள் வேலைக்கு அதனால் ஒரு பாதிப்பும் இல்லை. ஏப்ரல் 14 அன்று வெடிப்பு மலை உச்சிக்கு மாறியபோதுதான் நிலைமை தலைகீழானது. அங்கே பனிப்பாளத்தின் அடியில் இருந்த வாயில் குழம்பு, உருகிய பனிநீரோடு மோதி, நொறுங்கி, மிக நுண்ணிய கண்ணாடித் துகள்களாகச் சிதறி மேலே கிளம்பியது. உயரத்தில் வீசிய காற்று அதை நேராக வட ஐரோப்பாவின் மீது கொண்டுவந்து சேர்த்தது. 1991இல் பிலிப்பைன்ஸில் பினட்டுபோ வெடித்ததோடு ஒப்பிட்டால் இது சிறியதுதான். காற்றின் திசையும் கீழே இருந்த விமான நெரிசலும் சேர்ந்து அதைப் பெரிதாக்கின.

சாம்பலிடம் எங்களுக்கு இருந்த பயம் அனுபவத்தில் வந்தது. 1982 ஜூனில் கோலாலம்பூரிலிருந்து பெர்த் நகருக்குப் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் 747 விமானம், இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலையின் சாம்பலுக்குள் இரவில் தெரியாமல் நுழைந்து, நான்கு எஞ்சின்களையும் இழந்தது. உயிரற்று இறங்கிக்கொண்டிருந்த விமானத்தில் எஞ்சின்களை மீண்டும் ஓடவைத்து, கேப்டன் எரிக் மூடி ஜகார்த்தாவில் இறக்கினார். 1989 டிசம்பரில் அலாஸ்காவில் ரிடவுட் எரிமலையின் சாம்பலில் சிக்கி நெதர்லாந்தின் கேஎல்எம் நிறுவனத்தின் 747 ஒன்றுக்கும் அதே கதி நேர்ந்து, அதுவும் தப்பியது. விமானத்தின் வானிலை ராடார் மழைத்துளிகளைப் பார்ப்பதற்கானது. உலர்ந்த நுண்துகள் அதன் கண்ணுக்குத் தப்பிவிடும். எஞ்சினின் எரிஅறையில் இருக்கும் வெப்பம் துகள்களை உருக்கப் போதுமானது. உருகியது டர்பைனின் முகப்பில் உள்ள தகடுகளில் படிந்து இறுகி, காற்று போகும் வழியை அடைக்கிறது. இந்தச் சம்பவங்களுக்குப் பிறகு உலகம் முழுவதையும் பிரித்துக் கண்காணிக்க ஒன்பது எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் அமைக்கப்பட்டன. விமானிகளுக்கும் எங்களுக்கும் கற்பிக்கப்பட்ட விதி ஒரே வரிதான்: சாம்பல் இருக்கும் இடத்துக்குப் போகாதே. பசிபிக் கடல் மீதும் அலாஸ்கா மீதும் அந்த விதி போதுமானதாக இருந்தது, ஏனென்றால் அங்கே சுற்றிக்கொண்டு போக இடம் இருந்தது.

ஏப்ரல் 15 அன்று நண்பகலில் பிரிட்டனின் வான்வெளி மூடப்பட்டது. லண்டன் எச்சரிக்கை மையம் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியிடும் வரைபடத்துக்காகத்தான் அதன்பின் எங்கள் அறை முழுவதும் காத்துக்கிடந்தது. மூன்று உயர அடுக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரு கோட்டு எல்லை. கோட்டுக்குள் சாம்பல் உண்டு, வெளியே இல்லை. உள்ளே எவ்வளவு என்று அந்த வரைபடம் சொல்லாது. கிளம்பிவிட்டிருந்த விமானங்களைத் திருப்புவதா, ஏதென்ஸிலோ ரோமிலோ இறக்குவதா என்பதே முதல் நாளின் வேலை. இறக்குவது எளிது. இறக்கிய இடத்தில் விமானத்தை நிறுத்த இடம் வேண்டும், விமானக் குழுவினரின் பணிநேரம் அதற்குள் முடிந்துவிடக் கூடாது, மறுநாள் அதே விமானம் வேறு எங்கோ தேவைப்படும். இரண்டாம் நாளுக்குள் விமானங்கள் ஒரு கண்டத்திலும் குழுக்கள் இன்னொன்றிலுமாகச் சிதறிப்போயின. சரக்குப் பிரிவில் இருந்தவர்களுக்கு வேறு கவலை: ஐரோப்பாவை நம்பிப் பறிக்கப்பட்ட கென்யப் பூக்கள் நைரோபியிலேயே அழுகிக்கொண்டிருந்தன.

பயணிகள் சேவைப் பிரிவில் திருநெல்வேலிக்காரத் தம்பி ஒருவர் இருந்தார். ஒவ்வொரு வரைபடம் வந்ததும் தொலைபேசியில் அழைப்பார். "அண்ணே, எந்தத் தேதின்னு சொல்லட்டும்? ஒரு தேதி சொன்னாப் போதும்னு கேக்காங்க." சொல்வதற்கு என்னிடம் தேதி இல்லை. அடுத்த வரைபடம் வரும் நேரத்தை மட்டும் சொல்வேன். அதையே அவர் பயணிகளிடம் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை என்ற அளவில் அது நல்ல ஏற்பாடாகவே இருந்தது.

வார இறுதியில் நிறுவனங்கள் சோதனைப் பறத்தல்களைத் தொடங்கின. கேஎல்எம், லுஃப்தான்சா, பிரிட்டிஷ் ஏர்வேஸ் ஆகியவற்றின் விமானங்கள் பயணிகள் இல்லாமல் பறந்து, சேதமின்றி இறங்கின. எங்கள் அறையிலும் பலர் இதைப் பெரிய நிரூபணமாகக் கொண்டாடினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, இன்றும் இல்லை. ஒரு விமானம் ஒழுங்காகத் திரும்பியது என்றால், அன்று அந்த நேரத்தில் அந்தப் பாதையில் ஆபத்தான அளவு சாம்பல் இல்லை என்பது மட்டுமே தெரிகிறது. மூடலுக்குச் சற்று முன்னர் வடக்குப் பின்லாந்தின் மேல் பறந்த அந்நாட்டு விமானப்படையின் ஹார்னெட் போர் விமானங்களின் எஞ்சின்களில் உருகிய சாம்பல் படிந்திருந்த படங்களும் அதே வாரம்தான் வந்தன. மறுபக்கம், வரைபடத்தின் கோடும் ஒரு கணினி மாதிரியின் மதிப்பீடுதான்; மலையின் வாயிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது என்பதைப் புகைத்தூணின் உயரத்தை வைத்து ஊகித்துப் போடப்பட்ட கோடு. இரு தரப்பும் தத்தம் சான்றை அளவுக்கு மீறி நம்பின. எவ்வளவு தாங்கும் என்று சொல்லக்கூடியவர்கள் எஞ்சின் தயாரிப்பாளர்களே. அந்த எண்ணைச் சொன்னால் அதற்கான பொறுப்பும் தங்கள் தலையில் விழும் என்பதால்தான் அவர்கள் அத்தனை ஆண்டுகள் வாய் திறக்கவில்லை என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 20 இரவு பிரிட்டன் வானைத் திறந்தபோது எண் வந்துவிட்டது: ஒரு கனமீட்டர் காற்றில் 2 மில்லிகிராம். அதற்குக் கீழே இருந்தால், கூடுதல் சோதனைகளோடு பறக்கலாம். மே மாதத்தில், நேர வரம்போடு 4 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்பட்டது. எங்கள் பராமரிப்புப் பொறியாளர் ஒருவர், ஐரோப்பாவிலிருந்து வந்த சாம்பலைச் சிறு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினார். விரல்களுக்கிடையே தேய்த்தால் முகப்பவுடர் போல இருந்தது. உருப்பெருக்கியின் கீழே ஒவ்வொன்றும் உடைந்த புட்டியின் சில்லு. 2 மில்லிகிராம் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவு. ஆனால் பெரிய எஞ்சின் புறப்படும்போது வினாடிக்கு ஏறத்தாழ ஒரு டன் காற்றை இழுக்கும் என்று வைத்துக் கணக்கிட்டால், வினாடிக்கு ஒன்றரை கிராமுக்கு மேல் உள்ளே போகிறது. பெரும்பகுதி எரிஅறையைத் தொடாமல் வெளிச்சுற்றில் போய்விடும் என்பது உண்மைதான். அந்தக் கணக்கைத் தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் திறப்புக்குப் பிந்தைய முதல் லண்டன் விமானத்தின் பறத்தல் திட்டத்தில் கையெழுத்திட்டேன். திரும்பிய விமானங்களின் எஞ்சின்களுக்குள் நுண்கேமராவை நுழைத்து ஒவ்வொரு தகடாகப் பார்ப்பது சில வாரங்களுக்கு வழக்கமான வேலையாக இருந்தது.

எங்கள் வரைபடத்தில் விழாத இடம் ஒன்று உண்டு. லண்டன் மூடிக் கிடந்த அந்த நாட்களில், காற்று எதிர்த்திசையில் போனதால், ஐஸ்லாந்தின் கெப்லாவிக் விமான நிலையம் திறந்தே இருந்தது. மலையடிவாரத்தின் நிலை வேறு. ஏறத்தாழ 800 பேர் வெளியேற்றப்பட்டார்கள். பனிநீர் வெள்ளம் பாலத்தை அடித்துக்கொண்டு போகாமலிருக்க நெடுஞ்சாலையைத் தாங்களே வெட்டிவிட்டு நீருக்கு வழிவிட்டார்கள். சாம்பலோடு வந்த ஃபுளோரின் புல்லில் படிந்தால் கால்நடைகளுக்கு நஞ்சு என்பதால் ஆடுமாடுகளைத் தொழுவங்களில் அடைத்தார்கள். 1783இல் லாகி எரிமலை வெடித்தபோது கால்நடைகள் செத்து, பஞ்சம் வந்து, மக்கள்தொகையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் அழிந்த நாடு அது. அவர்களுக்கு இதன் பாடம் புதிதல்ல.

சுமார் ஒரு லட்சம் விமானங்கள் ரத்தாயின, ஒரு கோடிப் பயணிகள் பாதிக்கப்பட்டார்கள், நிறுவனங்களின் வருவாய் இழப்பு 170 கோடி டாலர் என்று சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் மதிப்பிட்டது. 2011 மே மாதம் ஐஸ்லாந்தின் இன்னொரு எரிமலையான கிரிம்ஸ்வோட்ன் இதைவிட வலுவாக வெடித்தபோது ரத்தானவை சுமார் 900தான். அந்தச் சாம்பல் சற்றுப் பருமனாக இருந்து விரைவில் விழுந்தது ஒரு காரணம். அடர்த்தியைப் பிரித்துக் காட்டும் வரைபடமும், எந்த அளவில் எப்படிப் பறப்போம் என்று நிறுவனங்கள் எழுதித் தர வேண்டிய இடர் மதிப்பீடும் அதற்குள் நடைமுறைக்கு வரத் தொடங்கியிருந்தது மற்றொரு காரணம்.

2025 நவம்பர் 23 அன்று எத்தியோப்பியாவின் ஹெய்லி குப்பி எரிமலை வெடித்து, அதன் சாம்பல் செங்கடலையும் ஓமனையும் தாண்டி வட இந்தியா வரை வந்தபோது, ஒன்பது மையங்களில் ஒன்றான பிரான்ஸின் துலூஸ் மையத்தின் எச்சரிக்கையை வைத்துக்கொண்டு வேலை பார்த்தோம். சில விமானங்கள் ரத்தாயின, சில பாதை மாறின, சாம்பல் பட்டிருக்கலாம் என்று கருதப்பட்ட எஞ்சின்கள் சோதிக்கப்பட்டன. வான்வெளியை மொத்தமாக மூட வேண்டும் என்று எங்கள் அறையில் ஒருவரும் கேட்கவில்லை.