ஈ.எஸ்.ஐ. பிடித்தமும் 78 நாள் கணக்கும்

திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனமொன்றில் சம்பளக் கணக்கைப் பார்ப்பவன் என்பதால், "அண்ணா, எனக்கு ஈ.எஸ்.ஐ. பிடிக்காம விட முடியாதா?" என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். ஈ.எஸ்.ஐ. என்பது தொழிலாளியும் முதலாளியும் பணம் கட்டும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். கேட்பவர்மேல் குறை சொல்வதற்கில்லை. எங்கள் சம்பளச் சீட்டில் அவருடைய பங்கு கழிக்கப்பட்டது மட்டுமே தெரிகிறது. அவர் பெயரில் முதலாளி கட்டும் தொகை அதில் அச்சாவதில்லை.

மாதம் 16,000 ரூபாய் வாங்கும் டெய்லர் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். அவருடைய பங்கு 0.75 விழுக்காடு, அதாவது 120 ரூபாய். முதலாளியின் பங்கு 3.25 விழுக்காடு, அதாவது 520 ரூபாய். 2019 ஜூலைக்கு முன்பு இவை முறையே 1.75, 4.75 விழுக்காடுகளாக இருந்தன. சராசரி நாட்கூலி 176 ரூபாய் வரை உள்ளவரிடம் எதுவும் பிடிப்பதில்லை என்றாலும் முதலாளி தம் பங்கைக் கட்டியே ஆக வேண்டும். இவற்றுக்கு மேல், மருத்துவச் செலவில் நிர்ணயிக்கப்பட்ட உச்சவரம்புக்குள் எட்டில் ஒரு பங்கை மாநில அரசு ஏற்கிறது. முதலாளி தம் பங்கைத் தொழிலாளியின் கூலியில் கழிப்பதைச் சட்டம் தடுக்கிறது. வேலைக்குச் சேரும்போதே 'சி.டி.சி.', அதாவது ஓர் ஆளுக்கு நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு என்று பேசி அதையும் சம்பளத்துக்குள் அடக்கிவிடும் சாமர்த்தியம் வேறு கதை.

இந்த 120 ரூபாய்க்கு அவருக்கும் மனைவி, பிள்ளைகள், அவரைச் சார்ந்த பெற்றோருக்கும் சிகிச்சை கிடைக்கிறது. ஏற்கெனவே சர்க்கரை நோய் இருக்கிறது என்று தள்ளிவைப்பதோ, வயதைக் காட்டிப் பிரீமியத்தை உயர்த்துவதோ இங்கே இல்லை. மருந்தகங்களில் கூட்டமும் காத்திருப்பும் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் ஈ.எஸ்.ஐ. என்றாலே மருத்துவமனை என்று மட்டும் நினைப்பதால், நோயுற்ற நாட்களில் கைக்கு வரவேண்டிய பணத்தைப் பலர் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள். மருத்துவர் சான்றளித்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை சராசரிக் கூலியில் 70 விழுக்காடும், வேலையின்போது விபத்து நேர்ந்து தற்காலிகமாக முடங்கினால் 90 விழுக்காடும் திட்டத்தை நடத்தும் ஈ.எஸ்.ஐ. கழகமே தருகிறது. மகப்பேற்றுக்கு 26 வாரங்கள் முழுக் கூலி உண்டு.

நோய்க்கால உதவிக்கு 78 நாள் நிபந்தனை உண்டு. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது கூலி பெற்றுச் சந்தா கட்டியிருந்தால்தான் அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இந்த உதவியைக் கோரலாம். அக்டோபர் முதல் மார்ச் வரையிலான கணக்கு, தொடர்ந்து வரும் ஜூலை முதல் டிசம்பர் வரைக்கு உதவும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் ஊருக்குப் போய் வாரக்கணக்கில் தங்கிவிட்டு, திரும்பியதும் வேறு கம்பெனியில் சேர்வது எங்கள் ஊரில் வழக்கம். அங்கே பழைய ஐ.பி. எண்ணை, அதாவது காப்பீடு பெற்றவருக்கான எண்ணைக் கொடுத்தால் இரண்டு இடத்து நாட்களும் சேரும்; புதிதாக ஓர் எண் போட்டுவிட்டால், இங்கே 50 நாள், அங்கே 40 நாள் என்று பிரிந்து, உழைத்தவருக்கு இரண்டிலும் தகுதியில்லாமல் போகும். புதிய எண் போடுவது அலுவலகத்துக்குச் சில நிமிட வேலை என்பதால் பழையதைத் தேட யாரும் மெனக்கெடுவதில்லை.

முதலாளிகளும் இதை வெறும் செலவாகவே பார்க்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்தாலே சட்டம் பொருந்தும் என்று தெரிந்து ஒன்பது பேரை மட்டும் பதிவேட்டில் காட்டுபவர்கள் இருக்கிறார்கள். கட்டிங் மெஷினில் ஒருவர் விரலை இழந்தால், பதிவில் உள்ளவருக்குரிய இழப்பீட்டைக் கழகம் ஏற்கும். பதிவில் இல்லாதவருக்கு அந்தச் சுமை முழுவதும் முதலாளியின் தலையில் விழும். ஒரு முறை சட்டத்துக்குள் வந்த நிறுவனம், பின்னர் ஆட்கள் குறைந்தாலும் வெளியேற முடியாது என்பதையும் சிலர் தாமதமாகவே அறிகிறார்கள்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்று, 2017 ஜனவரியில் வைத்த 21,000 ரூபாய்ச் சம்பள வரம்பை வைத்தே இவ்வளவு காலம் ஓட்டியிருப்பது. வரம்பைக் கணக்கிடும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்ப்பதில்லை. ஆனால் வழக்கமான சம்பளம் வரம்பைத் தாண்டினால் குடும்பமே பாதுகாப்பை இழக்கிறது. எந்த மாதத்தில் தாண்டுகிறது என்பதைப் பொறுத்து நிலைமை மாறும். ஏப்ரல் 1 முதல் 22,000 ஆனால் அன்றோடு சந்தா நின்று, முன்பு கட்டிய சந்தாவின் பலன் டிசம்பரோடு முடியும். மே 1 முதல் உயர்ந்தால் செப்டம்பர் வரை முழுச் சம்பளத்துக்கும் சந்தா தொடர்ந்து, அதன் பலன் அடுத்த ஆண்டு ஜூன் வரை நீளும். இதனால், வரம்பை ஒட்டி நிற்பவருக்குச் சம்பள உயர்வுக் கடிதம் அடிப்பதற்கு முன், ஒரு மாத உயர்வுத் தொகை வேண்டுமா, ஆறு மாதக் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமா என்று இரண்டு கணக்கையும் காட்டி அவரையே கேட்டுவிடுகிறேன். வீட்டில் வயதான பெற்றோர் இருப்பவர்கள் பெரும்பாலும் மே மாதத்தையே கேட்கிறார்கள்.